முன்விளக்கு அணைந்தால் சாவி உனக்கு

ஃபெடரல் நெடுஞ்சாலையில் மழை பிடித்துக்கொண்டது. பள்ளிக்கூடம் விடுகிற நேரம்தான், ஆனால் வானம் இருட்டி, எல்லா வண்டிகளும் விளக்கைப் போட்டுக்கொண்டுதான் ஊர்ந்தன. கிள்ளானிலிருந்து பிரிக்பீல்ட்ஸ் வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். ஓட்டுவது நான். பக்கத்தில் என் கணவர், மடியில் முறுக்குப் பொட்டலம்.

முன்னால் போன காரின் முதுகில் என் விளக்கு வெளிச்சம் விழுந்திருந்தது. அது சட்டென்று காணாமல் போனது. டாஷ்போர்டில் இருந்த சின்ன வெளிச்சமும் போயிற்று. பின்விளக்கும் சேர்ந்தே போயிருக்க வேண்டும், பின்னால் வந்த லோரிக்காரன் ஹார்னை அழுத்தினவன் விடவே இல்லை.

எப்படியோ இடது ஓரம் வந்து, மோட்டார் சைக்கிள்காரர்கள் மழைக்கு ஒதுங்கும் மேம்பாலத்தின் அடியில் நிறுத்தினேன்.  வண்டிக்குள் கமகமவென்று சந்தன வாசனை.

"பாத்தியா, அம்மன் துணைக்கு வந்திருக்கா" என்றார் என் கணவர்.

மழைக்கோட்டு போட்ட ஒரு பையன் ஓடி வந்து அவர் பக்கத்துக் கண்ணாடியைத் தட்டினான். "அங்கிள், லம்பு மாத்தி!" என்றான். விளக்கு அணைந்துவிட்டதாம். ஸ்டீயரிங் என் கையில் இருக்கிறது, செய்தி அவருக்கு. நன்றி சொல்வதா கத்துவதா என்று எனக்குத் தெரியவில்லை.

அங்கிளுக்கு லைசென்ஸ் இல்லை

இரண்டு வாரங்களுக்கு முன் இந்தத் தொடரில் 'தவளை'யைப் பற்றி எழுதியிருந்தேன். வாசிக்காதவர்களுக்காகச் சுருக்கமாக: அது அறுபதுகளில் வந்த ஆங்கிலேயக் கார். இரண்டே கதவு, இளநீல நிறம், முட்டிக்கொண்டு நிற்கும் இரண்டு முன்விளக்குகள். நான் ஆசிரியையாகச் சேர்ந்த புதிதில், ஓய்வுபெற்ற ஒரு தலைமையாசிரியையிடம் வாங்கினேன். பிறகு பிள்ளை, வேலை, மாற்றல் என்று அது தார்ப்பாய்க்கு அடியில் துருப்பிடித்துக் கிடந்தது. நான் ஓய்வுபெற்றதும் அதைக் கிள்ளான் பக்கம் மேருவில் ஓர் ஒர்க்‌ஷாப்பில் கொடுத்து மறுபடியும் காராக்கினேன்.

அதைப் படித்துவிட்டு, "அப்புறம் கார் ஒழுங்காக ஓடுகிறதா?" என்று செராஸ் வாசகி ஒருவர் கேட்டிருந்தார். ஓடுகிறது, அம்மா. ஆனால் அதை ஓட்டவிடாமல் செய்ய எத்தனை பேர் வரிசையில் நின்றார்கள் தெரியுமா? இந்த வாரம் அந்தக் கதைதான். எழுத உட்காரும்போதே எனக்குக் காது சூடாகிறது.

என் கணவர் வாழ்நாள் முழுக்க பஸ்ஸிலும் ரயிலிலும் வேலைக்குப் போனவர். அவருக்கு லைசென்ஸே கிடையாது. கிளட்ச் எது, பிரேக் எது என்று கேட்டால் இரண்டையும் காட்டுவார். ஆனால் எந்த ஒர்க்‌ஷாப்புக்குப் போனாலும் அவருக்குத்தான் விளக்கம். அவரும் தலையாட்டுவார். வீட்டுக்கு வந்து, "என்ன சொன்னான்?" என்று என்னையே கேட்பார்.

விளக்கு முதல் தடவை அணைந்தது கடைக்குப் போய் வரும் வழியில். என் மகன் பிரகாஷ் செராஸில் இருக்கிறான். தனக்குத் தெரிந்த ஒர்க்‌ஷாப்புக்கு எங்களை அழைத்துப் போனான். அங்கிருந்த சீன முதலாளி பானெட்டைக்கூடத் திறக்கவில்லை. "அங்கிள், கெரேத்தா லாமா, பியாசா லா" என்றார். பழைய வண்டி, சகஜம்தானாம்.

சகஜமாவது! பழையது என்றால் காரணமே இல்லாமல் கெடுமா? ஒரு வயர் வழியாக மின்சாரம் போகிறதென்றால் போகிறது, இல்லையென்றால் நடுவில் எங்கேயோ தடை இருக்கிறது. வண்டியின் வயதைப் பார்த்து மின்சாரம் முடிவெடுப்பதில்லை.

இதை நான் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. நான் 'கெமாஹிரான் ஹிடுப்' ஆசிரியை. வாழ்க்கைத் திறன் என்று சொல்வோம், இங்கே படித்தவர்கள் எல்லோருக்கும் அந்தப் பாடம் ஞாபகம் இருக்கும். மூன்று முள் பிளக்கில் வயர் மாட்டுவது, ஈயம் உருக்கிப் பற்ற வைப்பது, குழாய் சொட்டுவதை நிறுத்துவது எல்லாம் அதில் உண்டு.

நான் சேர்ந்த புதிதில் தலைமையாசிரியர் என்னைத் தையலுக்கும் சமையலுக்கும் போட்டார். "மின்சாரம் உங்களுக்கு எதுக்கு, ஷாக் அடிச்சா யாரு பதில் சொல்றது?" என்றார், அக்கறையோடு. தையல் எனக்கு வராது. என் ரவிக்கைக் கொக்கியைக்கூட என் கணவர்தான் தைத்துத் தருவார். மூன்றாம் தவணையில் வயரிங் ஆசிரியர் மாற்றலாகிப் போக, வேறு ஆள் கிடைக்காமல் எனக்கு அந்த வகுப்பைக் கொடுத்தார்கள். அதற்கப்புறம் என்னை அங்கிருந்து யாராலும் நகர்த்த முடியவில்லை. இந்தக் கதைக்கு இது தேவையில்லைதான். ஆனாலும் சொல்லிவிட்டேன்.

செல்வத்தின் பூஜை

செராஸில் கைவிட்டதும், தவளையை உருவாக்கித் தந்த மேரு ஒர்க்‌ஷாப்புக்கே போனேன். அதன் முதலாளி செல்வம். கைவேலை சுத்தம், பேச்சு மரியாதை. ஆனால் அவரும் அந்த வரிசையில் நிற்பவர்தான்.

ஒரு பல்பும் இரண்டு வயரும் கொண்ட சோதனை விளக்கை நான் கையோடு கொண்டு போயிருந்தேன். "சுவிட்ச் வரைக்கும் கரன்ட் வருது செல்வம். சுவிட்சைத் தாண்டி வரல. சுவிட்சைத் திறந்து பாருங்க" என்றேன்.

"அது திறக்க முடியாத ஐட்டம் டீச்சர்" என்று என்னிடம் சொல்லிவிட்டு, என் கணவர் பக்கம் திரும்பினார். "அண்ணே, வயரிங் ஃபுல்லா ஒரு தடவை செக் பண்ணிடறேன். சுவிட்சும் புதுசு போட்டுடலாம். டீச்சரை டென்ஷன் ஆக வேணாம்னு சொல்லுங்க."

நான் அவருக்கு ஒரு கை தூரத்தில்தான் நின்றிருந்தேன்.

புது சுவிட்ச் போட்டார், விளக்கு எரிந்தது. பழையதை மூலையில் இருந்த வாளியில் வீசினார். பிறகு பூஜை. செல்வம் ஒர்க்‌ஷாப்பிலிருந்து பூஜை போடாமல் எந்த வண்டியும் வெளியே போகாது, டயர் மாற்றினாலும் சரி. சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம், பானெட்டுக்கு மாலை, இன்ஜின் ஓட வேண்டும், விளக்கு எரிய வேண்டும்.

எங்கள் வண்டியின் விளக்கு சுவிட்ச் இழுக்கிற வகை. டாஷ்போர்டில் ஒரு குமிழ், அதைப் பிடித்து வெளியே இழுத்தால் விளக்கு எரியும், உள்ளே தள்ளினால் அணையும். நான் இழுத்துவிட்டேன். செல்வம் பன்னீரில் குழைத்த சந்தனத்தைக் கட்டைவிரலில் அள்ளிக் குமிழுக்குப் பட்டையாக அப்பினார். நடுவில் குங்குமம். கற்பூரம் காட்டி முடித்ததும், "இப்ப லைட்டை அணைங்க டீச்சர்" என்றார். நான் உள்ளே தள்ளினேன். என் கணவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

சில வாரம் விளக்கு நன்றாக எரிந்தது. அப்புறம்தான் அந்த ஃபெடரல் நெடுஞ்சாலை மழை.

ஓட்டல் வாசலில் பொம்மை

மழை விட்டு நாங்கள் வீடு வந்து சேர்வதற்குள் மேம்பாலத்துச் செய்தி பிரகாஷுக்குப் போய்விட்டது. நான் சொல்லவில்லை. யார் சொல்லியிருப்பார் என்று உங்களுக்குத் தெரியும். அன்று சாயங்காலமே வந்து நின்றான்.

"ம்மா, டேஞ்சரஸ் லா. போதும்மா. ஒரு ஆள் கேட்டிருக்காரு."

பிரிக்பீல்ட்ஸில் புதிதாகத் திறக்கப்போகும் ஒரு வாழையிலை ஓட்டலின் முதலாளியாம், அந்த ஆள். கடை வாசலில் தவளையை நிறுத்திவைக்க ஆசைப்படுகிறாராம். இன்ஜினைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் பூந்தொட்டி வைப்பாராம். சாப்பிட வருகிறவர்கள் அதன் மேல் சாய்ந்து படம் எடுத்துக்கொள்வார்களாம்.

"வீட்டுப் பக்கத்துலதானே ம்மா? தினம் நடந்து போய்ப் பாத்துக்கலாம்."

எனக்கு வந்த ஆத்திரத்தை இங்கே எழுதினால் ஆசிரியர் வெட்டிவிடுவார். ஓடுகிற வண்டியின் வயிற்றைக் கிழித்துப் பூச்செடி வைப்பார்களாம், நான் போய் வேடிக்கை பார்க்க வேண்டுமாம்! சமையலறையிலிருந்து கூடத்துக்கும் கூடத்திலிருந்து சமையலறைக்கும் நடந்தேன். அந்தக் கோபத்தில்தான் வாயைக் கொடுத்தேன்.

"இன்னொரு தடவை விளக்கு அணைஞ்சா நானே சாவியை உன் கையில கொடுத்துடறேன். அதுவரைக்கும் இந்தப் பேச்சை எடுக்காதே."

"ப்ராமிஸ்?"

"ப்ராமிஸ்."

மறுபடியும் மேரு. மறுபடியும் செல்வம் என் கணவரிடம் பேசினார், மறுபடியும் புது சுவிட்ச், மறுபடியும் எலுமிச்சம்பழம், சந்தனம், கற்பூரம். இந்தத் தடவை நானும் கண்ணை மூடி வேண்டிக்கொண்டேன். அந்தக் கார் போய்விட்டால் நான் எங்கே போக வேண்டுமானாலும் யாரையாவது கேட்டுக்கொண்டு நிற்க வேண்டும். அதை நினைத்தால் எனக்கு உண்மையிலேயே பயமாக இருந்தது.

அடுத்த மாதமே விளக்கு மறுபடியும் அணைந்தது. எங்கே தெரியுமா? செராஸில், என் மகனுடைய அடுக்குமாடியின் கீழ்த்தளக் கார் நிறுத்துமிடத்தில், அவன் கண் முன்னால். பேரப்பிள்ளைக்குப் பிறந்தநாள் கேக் கொண்டு போயிருந்தோம். இருட்டில் நான் பிரேக் பிடித்தேன், கேக் நசுங்கியது. பிரகாஷ் சாவிக்குக் கையை மட்டும் நீட்டினான்.

"சனிக்கிழமை தரேன். வீட்டுக்கு நான்தானே ஓட்டிட்டுப் போகணும்" என்றேன். குமிழை ஆட்டி அசைத்து எரியவைத்து, வழியெல்லாம் ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டே வீடு வந்து சேர்ந்தேன். வண்டிக்குள் அதே சந்தன வாசனை. என் கணவர் மறுபடியும் அம்மனைப் பற்றி ஏதோ சொல்ல வாயெடுத்தார், என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

சமையல் மேசையில்

மறுநாள் காலை பேட்டரி வயரைக் கழற்றிவிட்டு, டாஷ்போர்டுக்கு அடியில் மல்லாந்து படுத்தேன். என் வயதில் அப்படிப் படுப்பது சுலபம், எழுந்திருப்பதுதான் கஷ்டம். சுவிட்சைக் கழற்றி எடுத்து, சமையல் மேசையில் செய்தித்தாளை விரித்து வைத்தேன்.

திறக்க முடியாத ஐட்டம் என்றாரே செல்வம், அதன் மூடியை நான்கு தகர நாக்குகள்தான் மடித்துப் பிடித்திருந்தன. வெங்காயம் நறுக்கும் கத்தியின் நுனியால் நெம்பினேன். திறந்துகொண்டது.

உள்ளே மஞ்சளாக இருந்தது.

செம்புத் தகடும் தகடும் தொட வேண்டிய இடத்தில் காய்ந்த கட்டி. அதைச் சுற்றிச் செம்பு பச்சை பூத்திருந்தது. நகத்தால் சுரண்டி மோந்து பார்த்தேன். சந்தனம்!

அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். விளக்கை எரியவைப்பதற்காகக் குமிழை இழுக்கும்போது அதன் தண்டு வெளியே வருகிறது. செல்வம் குமிழோடு சேர்த்துத் தண்டுக்கும் ஈரச் சந்தனத்தை அப்புகிறார். பிறகு, "அணைங்க டீச்சர்." நான் உள்ளே தள்ளுகிறேன், தண்டோடு சேர்ந்து சந்தனமும் உள்ளே போகிறது. பன்னீர் செம்பை அரிக்கிறது, சந்தனம் காய்ந்து தடையாக நிற்கிறது. தடை இருக்கும் இடம் சூடாகும், சூடானால் மணக்கும். அம்மனும் வரவில்லை, ஆயாவும் வரவில்லை. நாங்கள்தான் சந்தனத்தை வறுத்துக்கொண்டு ஃபெடரல் நெடுஞ்சாலையில் போயிருக்கிறோம்.

தவளை முதன்முதலில் பூஜை போட்டு வெளியே வந்த நாளிலிருந்தே, பழுது பார்த்த கையே அங்கேயே பழுதையும் வைத்து அனுப்பியிருக்கிறது. மங்களகரமாக!

வாளியில் கிடந்தவை

திறந்த சுவிட்சை டிபன் டப்பாவில் போட்டுக்கொண்டு, பேட்டரி வயரை மறுபடியும் மாட்டி, நல்ல வெயில் ஏறியதும் மேருவுக்கு ஓட்டிப் போனேன். பகலில் விளக்கு எதற்கு? என் கணவரை வீட்டில் விட்டுவிட்டேன். செல்வம் என்னைப் பார்த்ததும் எனக்குப் பின்னால் தேடினார்.

"அண்ணே வரலியா?"

"வரல. இன்னிக்கு என்கிட்டதான் பேசணும்."

டப்பாவைத் திறந்து காட்டினேன். முதலில் அவருக்குப் புரியவில்லை. புரிந்ததும் முகம் சிவந்துவிட்டது.

"என்ன டீச்சர் இது, சாமி சந்தனத்தைப் போய்க் குத்தம் சொல்றீங்க? எங்கப்பா காலத்துலேர்ந்து செய்யறோம். எதைத் தொட்டு வேலை செஞ்சோமோ அதுக்குத்தான் பொட்டு. பிரேக் செஞ்சா பெடலுக்கு. ஹார்ன் செஞ்சா ஹார்னுக்கு. இதுல கெட்டுப் போச்சுன்னு ஒருத்தன் வந்து சொன்னதில்ல."

"சொன்னேனே! சுவிட்சைத் திறந்து பாருங்கன்னு இங்கேயே நின்னு சொன்னேனே! நீங்க என் வீட்டுக்காரர் மூஞ்சியைப் பாத்துப் பேசிட்டிருந்தீங்க!"

ஒர்க்‌ஷாப்பில் சுத்தியல் சத்தம் நின்றது. எல்லோரும் எங்களைப் பார்த்தார்கள், பார்க்கட்டும் என்றிருந்தது எனக்கு. நேராக மூலைக்குப் போய், அந்த வாளியைத் தரையில் கவிழ்த்தேன். என் வண்டியில் கழற்றியது, வேறு பழைய வண்டிகளில் கழற்றியது என்று இழுக்கிற வகை சுவிட்சுகள் கொஞ்சம் உருண்டன. "திறங்க" என்றேன்.

அவர் திருப்புளியை எடுத்து ஒன்றைத் திறந்தார், மஞ்சள். இன்னொன்று, மஞ்சள். மூன்றாவதைத் திறந்தவர் அதை மூக்கருகே கொண்டு போனார். பிறகு அதைக் கீழே வைத்துவிட்டு, நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"அப்ப பொட்டை எங்க டீச்சர் வைக்கறது?"

"பானெட்டுல வைங்க. பம்பர்ல வைங்க. அசையற சாமானுக்கு வைக்காதீங்க."

"சாமி கோச்சுக்காதா?"

"விளக்கு அணைஞ்சு நான் லோரிக்கு அடியில போனா சாமி சந்தோஷப்படுமா?"

அவர் உள்ளே போய்ப் புது சுவிட்ச் ஒன்றை எடுத்து வந்து என் கையில் வைத்தார். "நீங்களே மாட்டறீங்களா டீச்சர்?" என்று கேட்டார். என்னைப் பார்த்துத்தான் கேட்டார். மாட்டினேன். பானெட்டில் பொட்டு வைத்து, கற்பூரம் காட்டி அனுப்பினார். மேருவிலிருந்து வீடு வரும்வரை வெட்டவெளிச்சத்தில் முன்விளக்கைப் போட்டுக்கொண்டே வந்தேன்.

சனிக்கிழமை

பிரகாஷ் சொன்னபடி வந்தான். சாவிக்குத்தான் வந்திருந்தான். முதலில் டிபன் டப்பாவைக் காட்டினேன், கதையைச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தான். படம் எடுத்து நண்பர்களுக்கு அனுப்பினான். எனக்கும் சிரிப்பு வந்தது. எல்லாம் முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

சிரித்து முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னான். "ஓகே ம்மா, சுவிட்ச் சரி. ஆனா சாவியைக் கொடுத்துடுங்க."

"காரணம் தெரிஞ்சு போச்சேடா. இனிமே அணையாது."

"இன்னிக்கு சுவிட்ச். நாளைக்கு பிரேக். அதுவும் இல்லைன்னா... ம்மா, உங்களுக்கு வயசாகுது. நைட்ல போன் அடிச்சாலே எனக்கு பயமா இருக்கு. அந்த ஓட்டல்காரர்கிட்ட ஓகேன்னு சொல்லிட்டேன்."

அவனுக்குப் பயம் என்பது பொய்யில்லை. அவன் குரலிலேயே தெரிந்தது. ஆனால் அந்த நிமிடம்தான் எனக்கு எல்லாம் விளங்கியது. நான் மல்லாந்து படுத்துத் தேடிய கோளாறு வேறு, இவர்கள் மனதில் இருந்த கோளாறு வேறு. விளக்கு எரிந்தாலும் அணைந்தாலும் சாவியை வாங்குவதாகத்தான் இருந்திருக்கிறார்கள். செராஸ் ஒர்க்‌ஷாப் முதலாளி 'பழசு, சகஜம்' என்று சொன்னது வண்டியை மட்டும் இல்லை. வலித்தது. கோபத்தைவிட வலிதான் அதிகம். அதையும் எழுதிவிடுகிறேன்.

"விளக்கு அணைஞ்சா சாவி தரேன்னு சொன்னேன். அது செல்வத்தோட சந்தனத்துல அணைஞ்சது, என் கையில இல்ல. எனக்கு வயசானா சாவி தரேன்னு நான் எப்பவும் சொல்லல. கண்ணு தெரியலைன்னா, கால் பிரேக்குக்குப் போகலைன்னா நானே நிறுத்திடுவேன். அதைக் கண்டுபிடிக்க நீ வேணாம். எனக்கே தெரியும். ஓட்டல்காரருக்கு இப்பவே போன் போட்டு இல்லைன்னு சொல்லு."

"ம்மா..."

"போடு."

போட்டான். கூடத்தில் நின்று நான் கேட்க, இல்லை என்று சொன்னான். அவன் போனை வைத்ததும், "ஏறு வண்டியில" என்றேன். வழக்கம்போல என் கணவர் முன்னால் ஏறிக்கொண்டார். இரண்டு கதவு வண்டி, பின் சீட்டுக்குப் போக முன் சீட்டை மடக்கி நுழைய வேண்டும். ஆறடி உயரப் பிள்ளை முழங்காலை மோவாய்க்குக் கொடுத்து உட்கார்ந்தான்.

நெடுஞ்சாலையில் பத்து தீகா தாண்டும்போதே மழை பிடித்தது. குமிழை இழுத்தேன். வெளிச்சம் பாய்ந்து போய் முன்னால் போன வண்டியின் முதுகில் உட்கார்ந்தது. கிள்ளான் வரைக்கும் அது அங்கேயே இருந்தது. நான் வேகமும் போகவில்லை, பதுங்கவும் இல்லை. பின்னாலிருந்து முதலில், "ம்மா, லோரி ம்மா" என்று குரல் வந்தது. ஷா ஆலம் தாண்டியதும் அந்தக் குரலும் நின்றுவிட்டது.

கிள்ளானில் ஒரு சாப்பாட்டுக் கடை ஓரம் நிறுத்தியபோது மழை தூறலாகியிருந்தது. பிரகாஷ் இறங்கி முன்பக்கம் போனான். எரிந்துகொண்டிருந்த விளக்கின் கண்ணாடியில் உள்ளங்கையை வைத்தான், சூடு பார்க்கிற மாதிரி. தேநீர் குடித்து முடித்து மறுபடியும் வண்டிக்கு வந்தோம். பிரகாஷ் என் பக்கம் வந்தான். பிறகு கையை நீட்டினான்.

"ம்மா, ரிட்டர்ன்ல நான் ஓட்டிப் பாக்கட்டா? கிளட்ச் மிதிச்சு எத்தனையோ வருஷம் ஆச்சு."

இது வேறு கேள்வி என்று எனக்குத் தெரியாமல் இல்லை. குரலும் வேறு, முகமும் வேறு. இன்னொரு நாள் கொடுப்பேன், சொல்லியும் கொடுப்பேன். ஆனால் அன்றைக்கு எனக்குக் கோபம் தீரவில்லை. தீராத கோபத்தைத் தீர்ந்த மாதிரி காட்ட எனக்கு வராது.

முன் சீட்டை மடக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"பின்னால ஏறு" என்றேன்.